கிழங்கு ஏப்பம்

பாட்டில் கழுவும் ஆலையில் பாப்பாவுக்கு வேலை, பார்ப்பதுதான். குடித்துவிட்டு எறிந்த காலிப் பாட்டில்கள் சாக்குச் சாக்காக வந்து இறங்கும். இயந்திரம் அவற்றைக் காரத் தண்ணீரில் முக்குவதற்கு முன்னால், ஒவ்வொன்றையும் குழல் விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். சிகரெட் துண்டு கிடக்கும். சளி காய்ந்து கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். பல்லி ஒன்று பாதி கரைந்துபோய் வாலை மட்டும் மிச்சம் வைத்திருக்கும். சிலவற்றில் மூத்திரம். அப்படிச் செய்கிறவன் மூடியை இறுக்கித் திருகிவிட்டுத்தான் போவான். அந்த ஒரு விஷயத்தில் அவ்வளவு பொறுப்பு.

பகல் முழுக்க இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே இரண்டு பாட்டில்கள் கைகால் முளைத்து உட்கார்ந்திருக்கும். ஒன்று கட்டியவன். இன்னொன்று கூடப்பிறந்தவன்.

பாப்பா என்பது அண்ணன் கூப்பிடும் பேர். தலையில் பாதி நரைத்தாகிவிட்டது, முட்டி வலி வந்தாகிவிட்டது, இன்னும் பாப்பாதான். கட்டியவனும் அதையே பிடித்துக்கொண்டான். அவனை எல்லோரும் டிங்கர் என்பார்கள். நசுங்கின வண்டிகளைச் சுத்தியால் தட்டி நிமிர்த்துகிற வேலை. ஊரான் வண்டியின் நெளிவையெல்லாம் எடுப்பான். சாயங்காலமானால் அவன் நடையில் ஏறுகிற நெளிவை எடுக்க ஆள் கிடையாது. அண்ணன் லைன்மேனாக இருந்தவன். கை நடுங்க ஆரம்பித்ததும் இனிமேல் கம்பம் ஏறாதே என்று ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அங்கேயும் கம்பிச் சுருள்மேல் தலைவைத்துத் தூங்கினான். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணி அதற்கு முன்பே தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டிருந்தாள். புத்திசாலி என்று பாப்பா நினைத்துக்கொண்டாள். அதன்பின் லைன்மேன் ஒரு பெட்டியோடு தங்கை வீட்டுக் கூடத்தை ஒட்டிய அறைக்கு வந்து சேர்ந்தான்.

மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே பாட்டிலைப் பங்குபோடுவதைப் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே தாய் என்று சத்தியம் செய்யலாம்.

"மாப்ளே, உங்களுக்கு ஊத்தினது கொஞ்சம் ஜாஸ்தி."

"பெரியவரு நீங்க எடுத்துக்குங்க மச்சான், நான் சின்னவன்."

"அய்யோ, வீட்டு மாப்பிள்ளை. மரியாதை கெட்டுப் போயிடும்."

இந்த மரியாதையெல்லாம் முதல் பாதிக்குத்தான். பின்பாதியில் ஒருவன் குளியலறை வாசலில் கவிழ்ந்திருப்பான், இன்னொருவன் அவன்மேல் வாந்தியெடுத்திருப்பான். பாப்பா பக்கெட்டை எடுத்துக்கொண்டு வருவாள். பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் ஒருநாளாவது வாளியைத் தொட்டவர்களாக இருக்க மாட்டார்கள். அது பழகவே பழகாது.

இருவரிலும் ஒரு வித்தியாசம் இருந்தது. டிங்கர் குடித்தால் மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து பட்டறைக்குப் போய்விடுவான். லைன்மேனுக்கு வயிறு வீங்கியது. கைகால் குச்சியாகி, வயிறு மட்டும் நிறைமாதமாய் நின்றது. கண்ணின் வெள்ளை மஞ்சளாயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கப்போட்டு, வயிற்றில் ஊசி குத்திக் குழாய் வழியாக நீரை இறக்கினார்கள். ஜாடியில் நிரம்பிய அந்தத் திரவத்தைப் பார்த்ததும் பாப்பாவுக்கு ஆலையில் மூடி திருகி வைத்த பாட்டில்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அதே நிறம்.

வார்டு டாக்டர் சுற்றி வளைக்காத மனிதர். "ஈரல்ல முக்கால்வாசி போச்சு. மிச்சம் இருக்கிறதும் போகணும்னா இப்படியே குடிக்கட்டும். பொழைக்கணும்னா குடிய நிறுத்துற வார்டு பின்பக்கம் இருக்கு. உள்ள விட்டுப் பூட்டிடுவோம். நடுக்கம், உளறல் எல்லாத்துக்கும் மருந்து கொடுத்து அடக்கி, தெளிஞ்ச பிறகுதான் வெளிய விடுவோம். சம்மதமா?"

"பூட்டா?" என்றான் லைன்மேன். "நான் என்ன பைத்தியமா டாக்டர்? பாப்பா, கேட்டியா, உங்கண்ணனைக் கூண்டுல போடச் சொல்றாரு."

அந்த நேரம் பார்த்து வந்தாள் டாக்டரம்மா. இளவயது, மொடமொடவென்று இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு, பேசும்போதே சிரிப்பு. ஒரு காட்டுக் கொடியின் கிழங்கிலிருந்து எடுத்த சத்தைக் குடிகாரர்களுக்குக் கொடுத்து ஆராய்ச்சி செய்கிறாளாம். ஆட்கள் தேவை.

"இது குடிக்கிற ஆசைய அடியோட அறுத்துடும்னு சொல்ல மாட்டேன். வேகத்தக் குறைக்கும், அளவக் குறைக்கும்னு நினைக்கிறோம். நிஜமாவே குறைக்குதான்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சி. பாதிப் பேருக்குக் கிழங்கு கிடைக்கும், பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. டப்பாவுல நம்பர் மட்டும்தான் இருக்கும். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பிரிச்சுப் பாப்போம், கடைசி நாள்ல சொல்லுவோம்."

லைன்மேன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தான். பூட்டுக்குப் பயந்தவனுக்குக் கிழங்கு வரம் மாதிரித் தெரிந்தது. "இதுல சேந்துக்கறேன் டாக்டர், முதல்ல இதப் பாப்போம். இது சரிப்படலன்னா நானே நடந்து உங்க கூண்டுக்குள்ள போறேன். பாப்பா சாட்சி."

பார்க்க வந்திருந்த டிங்கரின் வாயிலிருந்து வந்த வாடையை டாக்டரம்மா மோந்துவிட்டாள். "நீங்களும் சேரலாமே சார்."

"எனக்கெதுக்கு? நான் கணக்காக் குடிக்கிறவன்."

"நேத்து கணக்கா என் துடைப்பத்து மேலயே வாந்தி எடுத்தீங்க," என்றாள் பாப்பா. அவனும் சேர்ந்தான்.

மாத்திரை என்றால் பழுப்பு நிற உறை, விரல்நுனி நீளம், உள்ளே இருப்பது வெளியே தெரியாது. இருவருக்கும் தனித்தனி வெள்ளை டப்பா. எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு பாப்பாவுடையது. அவர்களிடம் விட்டால் டப்பாவைச் சரக்குக்குப் பண்டமாற்று செய்துவிடுவார்கள்.

டிங்கர் மாத்திரை போட்ட முதல் நாளே ஏப்பம் விட்டான். சாதாரண ஏப்பம் இல்லை. மழையில் நனைந்த மண்ணும் அழுகிய வேரும் சேர்ந்து தொண்டை வழியாக வீட்டுக்குள் வந்த மாதிரி ஒரு வீச்சம். பாப்பா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தியா!" டிங்கர் நெஞ்சை நிமிர்த்தினான். "கிழங்கு எனக்குத்தான். மச்சான், உங்களுக்கு ஏப்பம் வந்துச்சா?"

லைன்மேன் வயிற்றை அழுத்தினான், முக்கினான், கீழ்வழியாகத்தான் ஏதோ வந்தது. "வந்துச்சு மாப்ளே. வேற ரூட்டு."

"மாவு மச்சான், மாவு! மைதா தின்னுக்கிட்டு இருக்கீங்க."

லைன்மேன் அன்று முழுக்க யோசித்தான். சாயங்காலம் இரண்டு டப்பாவையும் எடுத்து நடுவில் வைத்தான். "மாப்ளே, நான் ஒண்ணு சொல்றேன். ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிக் கலக்கிடுவோம். ஆளுக்குப் பாதி. பாட்டில் வாங்கினா எப்படிப் பிரிக்கிறோமோ அப்படி. ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிழங்கு."

"சரக்கு வேற, மருந்து வேற மச்சான். அதுவும் என் நம்பர் போட்ட மருந்து." டிங்கர் தன் டப்பாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். இத்தனை வருஷத்தில் அவன் மச்சானுக்கு மறுத்த முதல் பங்கு அதுதான்.

மறுநாள் இருவரும் வீட்டில் இல்லாத நேரம் பாப்பா இரண்டு டப்பாவிலும் ஒவ்வொரு மாத்திரையை எடுத்து உறையைப் பிரித்தாள். இரண்டுக்குள்ளும் பழுப்புத் தூள்தான். டிங்கருடையதை நாக்கில் வைத்தாள். கசப்பு காதுவரை ஏறியது, குமட்டியது. அண்ணனுடையதை வைத்தாள். ஒன்றுமில்லை. சாயம் போட்ட மாவு. முழுசாக விழுங்கப்போகிற பொருளுக்கு ருசியை யார் பொருத்திப் பார்ப்பார்கள்.

அவள் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. இவன் குடித்தால் வாந்தி எடுப்பான். அவன் குடித்தால் சாவான். இரண்டு டப்பாவையும் இரண்டு தட்டில் கொட்டி, மாற்றிப் போட்டு மூடினாள். எண்கள் அப்படியே இருந்தன, உள்ளே இருந்தது இடம் மாறியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் புது டப்பா வந்ததும் முதல் வேலை அதுதான்.

இனி நடந்ததை எந்த டாக்டராலும் எழுதி வைத்திருக்க முடியாது.

மாவு தின்ன டிங்கர் ஏப்பம் விடுவதை நிறுத்தவில்லை. இன்னும் சத்தமாக விட்டான். அதில் எந்த வீச்சமும் இல்லை, சாப்பிட்ட சாப்பாட்டின் வாடைதான். "வேர் வாசன வருது பாரு," என்பான். ஒரு நாள் சாயங்காலம் ஊற்றிய டம்ளரை வாய்வரை கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். மோந்து பார்த்தான். மூஞ்சியைச் சுளித்தான். "என்ன இது, சாக்கடை மாதிரி நாறுது! இதையா இத்தன வருஷம் குடிச்சேன்?" எழுந்துபோய்த் தொட்டியில் கவிழ்த்தான். பாப்பாவுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். மறுநாளும் அவன் தொடவில்லை. அந்த வாரமும். அடுத்த மாதமும்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒரு வாரம் பட்டாள். பிறகுதான் தெரிந்தது, குடிக்காத டிங்கர் எப்படிப்பட்ட பிராணி என்று. குடித்தவன் தூங்கியாவது தொலைவான். இவன் விழித்துக்கொண்டு உபதேசம் செய்தான். பட்டறையில் இருக்கும் பையன்களுக்கு, கடைக்காரனுக்கு, கதவைத் தட்டி முகவரி கேட்டவனுக்கு, எல்லோருக்கும் கிழங்குப் புராணம். நடுவில் சாட்சிக்கு ஒரு ஏப்பம். பாப்பா ஆலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்திவைத்து மோப்பம் பிடித்தான்.

"உம்மேல சாராய நாத்தம் அடிக்குது. குளிச்சிட்டு உள்ள வா. என் உடம்புக்கு இப்ப இதெல்லாம் ஒத்துக்காது."

எத்தனை வருஷ வாந்தியை அள்ளிய கை. ஓங்கி ஒன்று விடலாமா என்று அந்தக் கை ஒரு கணம் யோசித்தது. உள்ளே போய்க் குளித்தாள்.

கிழங்கு தின்ன லைன்மேன் கதை வேறு. மண் வீச்சத்தோடு ஏப்பம் வந்தபோதும் அது சரக்கின் புளிப்பு என்றே அவன் நினைத்துக்கொண்டான். ஆரம்பத்தில் பாப்பா நெஞ்சு நிறைய நம்பிவிட்டாள். முன்னெல்லாம் மடக்மடக்கென்று ஊற்றிக்கொண்டு தரையில் விழுகிறவன், இப்போது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாய், கொஞ்சம் பேச்சு, இன்னொரு வாய் என்றான். வாந்தி நின்றது. விழுவது நின்றது. டாக்டரம்மா சொன்னதுபோல வேகம் குறைந்தது, அது பொய்யில்லை. ஆனால் வேகம் குறைந்தவன் சீக்கிரமே கிளம்பிவிட்டான். சாயங்காலம் ஆரம்பித்தவன் மத்தியானம் ஆரம்பித்தான். பிறகு பல் துலக்கியதும் ஆரம்பித்தான். உறிஞ்சி உறிஞ்சி, தூங்கப்போகும்வரை. டம்ளர் ஒருபோதும் நிரம்பவில்லை, ஒருபோதும் காயவும் இல்லை. வீடெங்கும் அந்த உறிஞ்சல் சத்தம், பல் இல்லாத வாயில் பழத்தைச் சப்புகிற மாதிரி.

"பாத்தியா பாப்பா, உங்கண்ணன் எவ்வளவு டீசண்டாயிட்டேன். ஒரு நாளாவது பக்கெட் எடுத்தியா?"

எடுக்கவில்லைதான். அந்த மாதக் கடைசியில் அவன் வயிறு மறுபடி ஏறியது. கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. வாயிலிருந்து இனிப்பும் அழுகலும் கலந்த ஒரு வாடை. வார்டு டாக்டர் மறுபடி நீரை இறக்கிவிட்டு, பாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இப்ப பின்பக்க வார்டுக்கு வந்தா இன்னும் கொஞ்ச வருஷம் கிடைக்கும். அடுத்த தடவ இதே மாதிரி வந்தா நான் இந்தப் பேச்சப் பேச மாட்டேன். முடிவு பண்ணுங்க."

அண்ணனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். "அவசரப்படாத பாப்பா. எனக்கு இதுவரைக்கும் மாவுதானே கொடுத்திருக்காங்க? கடைசி நாள் வரட்டும். மாவு தின்னவங்களுக்கெல்லாம் நிஜக் கிழங்கு கொடுப்பாங்களாம். மாப்ளைக்கு வேல செஞ்சது எனக்குச் செய்யாதா? மாப்ளைய விடவா நான் மட்டம்?"

பாப்பாவின் நாக்கு நுனிவரை உண்மை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

கடைசி நாள் ஆஸ்பத்திரி மாடியில் நீளமான அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், பினாயில் வாடை, சுவரில் ஒரு பெரிய படம். படத்தில் டிங்கர்! சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கையில் வெள்ளை டப்பாவைப் பிடித்தபடி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். முந்தின வாரமே பிரித்துப் பார்த்திருந்த கடித உறைகளை வைத்துக்கொண்டு டாக்டரம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

"நீங்க கிழங்கு," என்றாள் டிங்கரிடம். அறை கைதட்டியது. "எங்க ஆராய்ச்சியிலேயே உங்கள மாதிரி யாருக்கும் வேல செய்யல சார். அடுத்த கூட்டத்துல நீங்க வந்து பேசணும்."

"எனக்கு முதல் நாளே தெரியும் மேடம்," என்றான் டிங்கர். ஏப்பம் விட்டான். அதற்கும் யாரோ கைதட்டினார்கள்.

"நீங்க மாவு," என்றாள் லைன்மேனிடம்.

"சொன்னேனா இல்லையா!" லைன்மேன் நாற்காலியிலிருந்து எழ முயன்று வயிறு இடித்து மறுபடி உட்கார்ந்தான். பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி முகம். டாக்டரம்மா அவன் கையில் புது டப்பா ஒன்றைக் கொடுத்தாள். அதை அவன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

ஆண்கள் இருவரும் கீழே இறங்கியதும் பாப்பா மட்டும் திரும்பி மேலே வந்தாள். டாக்டரம்மா அறையில் தனியாக இருந்தாள்.

"மேடம், ஒரு தப்பு நடந்திருக்கு. அவர் தின்னது மாவு. எங்கண்ணன் தின்னதுதான் கிழங்கு. நான் மாத்திக் கொடுத்தேன்."

டாக்டரம்மாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று, கடிகாரம் நின்ற மாதிரி. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"எப்ப இருந்து?"

"ஆரம்பத்துல இருந்தே."

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

டாக்டரம்மா மேஜைமேல் இருந்த கிருமிநாசினிப் புட்டியை அமுக்கிக் கையில் தடவிக்கொண்டாள். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தாள், பாப்பா சொன்னது கையில் ஒட்டிக்கொண்ட மாதிரி. "பாருங்கம்மா. உங்களுக்குக் குழப்பம். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கிற மாத்திர. வீட்டுக் கஷ்டத்துல எதையாவது நினைச்சுக்குவோம். உங்க வீட்டுக்காரர் படம் அச்சாகிடுச்சு. முடிவுகள மேலிடத்துக்கு அனுப்பவும் அனுப்பிட்டேன்."

"நாக்குல வச்சுப் பாத்தேன் மேடம்."

"அத நான் கேக்கல." குரல் மெதுவாகத்தான் இருந்தது. "நீங்களும் சொல்லல. உங்க வீட்டுக்காரர் குடிக்காம இருக்காரு. அதக் கெடுத்துக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான்."

பாப்பா வெளியே வந்தாள். படிக்கட்டில் இறங்கும்போது, இத்தனை நாள் குடிகாரன் வாந்திதான் உலகத்தில் மோசமான அழுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

வீட்டில் லைன்மேன் குளித்து, தலை வாரி, புது டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை விழுங்கியிருந்தான். டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கட்டில் விளிம்பில் கைகளைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்படியும் தோள்வரை நடுங்கியது.

"மத்தியானத்துல இருந்து தொடல பாப்பா. பாத்தியா? இது நிஜம். உள்ள இறங்கும்போதே தெரியுது."

பாப்பா கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "அண்ணே, நான் சொல்றத முழுசாக் கேளு. நடுவுல பேசாத. நீ இவ்வளவு நாளும் தின்னது இதையேதான். மாவு இல்ல. நிஜக் கிழங்கு. நீ பொழைக்கணும்னு நாந்தான் மாத்திப் போட்டேன். அது உனக்குச் செய்யிறதெல்லாம் செஞ்சு முடிச்சாச்சு. இனிமே செய்ய ஒண்ணும் இல்ல. அந்த வார்டுக்கு வா. நாளைக்கே போவோம். இது சரிப்படலன்னா வர்றேன்னு நீயே சொன்ன."

லைன்மேன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் கண்ணில் ஒன்றும் அசையவில்லை.

"அப்ப மாப்ள தின்னது?"

"மாவு."

முதலில் அவன் உதடு கோணியது. அழப்போகிறான் என்று நினைத்தாள். அவன் சிரிக்க ஆரம்பித்தான். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தான், இருமல் வந்து, சளி வந்து, அதைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு இன்னும் சிரித்தான். "மாவா! மாவுக்கா அந்த ஏப்பம்! மாவுக்கா அந்தப் போட்டோ!" சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவள் தடுப்பதற்குள் கதவைத் திறந்து கூடத்துக்குப் போய்விட்டான்.

அங்கே டிங்கர், ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் பேசப் போட்டுக்கொள்வதற்காகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"மாப்ளே! மகாஜனங்களே! உங்க வயித்துல இருக்கிறது கிழங்கு இல்ல, மாவு! உங்க பொண்டாட்டி மாத்திப் போட்டுட்டா. கிழங்க நாந்தான் தின்னேன். நீங்க தின்னது சாயம் போட்ட மாவு!"

டிங்கர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். மச்சானை மேலும் கீழும் பார்த்தான். நடுங்குகிற கை, ஈரமான சட்டை, இளித்த வாய். "குடிச்சிட்டு உளறுறீங்க மச்சான். போய்ப் படுங்க."

"மத்தியானத்துல இருந்து ஒரு சொட்டுக் குடிக்கல! ஊதிக் காட்டட்டுமா? அவளையே கேளுங்க!"

டிங்கர் பாப்பா பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் இவ்வளவு நேரமும் இருந்த பெருமை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. அதற்கு அடியில் பழைய முகம் தெரிந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம்.

"நீ சொல்லு. மாத்தினியா?"

அவள் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"சொல்லு பாப்பா. மாவுன்னா மாவுன்னு சொல்லிடு. இத்தன மாசம் மாவத் தின்னுட்டா நாக்கக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்? ஊரெல்லாம் கை கொட்டிச் சிரிக்கிறதுக்கா? அப்படின்னா எனக்கு எதுக்கு இந்தப் பட்டினி? கடை இன்னும் திறந்துதான் இருக்கு." அவன் கை அதற்குள் ஆணியில் மாட்டியிருந்த பழைய சட்டையைத் தொட்டுவிட்டிருந்தது.

ஆமாம் என்றால் இவன் போய்விடுவான். இல்லை என்றால் அண்ணன் அந்த வார்டுக்கு வரவே மாட்டான். இரண்டில் ஒன்றைத்தான் தூக்க முடியும், ஒன்றைக் கீழே போட வேண்டும். இரண்டையும் அவளால் பார்க்கச் சகிக்கவில்லை. ஒருவனுடைய புளித்த பெருமை, இன்னொருவனுடைய அழுகிய ஈரல். முன்பு ஒருமுறை தேர்ந்தெடுத்தபோது அண்ணனைத் தேர்ந்தெடுத்தாள். அதில் என்ன முளைத்தது என்று பார்த்தாகிவிட்டது.

"உளறுறார்," என்றாள் பாப்பா. "அவருக்கு மாவு கொடுத்துட்டாங்கன்னு வயித்தெரிச்சல். நான் ஏன் மாத்தப்போறேன்?"

டிங்கரின் கை சட்டையிலிருந்து இறங்கியது. நீளமாக மூச்சு விட்டான். "தெரியும். எனக்குத் தெரியாதா? என் உடம்பு சொல்லுதே." பெருமை பழையபடி முகத்தில் ஏறிக்கொண்டது. மச்சானின் தோளில் தட்டினான். "போட்டி எதுக்கு மச்சான்? இப்பத்தான் உங்களுக்கும் நிஜக் கிழங்கு கொடுத்துட்டாங்களே. நம்பிக்கையாச் சாப்பிடுங்க. என்னையே பாருங்க."

லைன்மேன் தங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவன் கண்ணைச் சந்திக்கவில்லை. அவன் காலின் வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். கையை ஓங்குவான் என்றுகூட. திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. மறுபடி அவனை அறைக்கு இழுத்துக்கொண்டுபோய்ச் சொல்லலாம், கெஞ்சலாம்.

ஆனால் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தப்பித்தவனின் வெளிச்சம்.

"அப்ப நீ உள்ள சொன்னதுதான் பொய்யா?" என்றான் மெதுவாக. "என்னக் கூண்டுக்குள்ள தள்ளத்தான் அப்படிச் சொன்னியா? கள்ளி!" அவன் சிரிப்பில் கோபமே இல்லை, அவ்வளவு நிம்மதி. "பயமுறுத்திட்டியே பாப்பா. ஒரு நிமிஷம் எனக்கு எல்லாமே முடிஞ்சு போச்சுன்னு நினைச்சுட்டேன். அப்ப இன்னும் நான் கிழங்க ஆரம்பிக்கவே இல்ல. இன்னைக்குத்தான் முதல் மாத்திர."

"அண்ணே, அந்த வார்டு..."

"அதுக்கு இப்ப என்ன அவசரம்? மருந்து வேல செய்யட்டும். மெதுவாத்தான் செய்யும். ஒரேயடியா நிறுத்தினா உடம்பு தாங்காது, டாக்டரே சொல்லியிருக்காரு."

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. லைன்மேன் அறைக்குள் போய்க் கவிழ்த்து வைத்த டம்ளரை நிமிர்த்திக்கொண்டு வந்தான். கட்டிலுக்கு அடியில் இருந்த பாட்டிலையும் கொண்டுவந்தான். நடுங்குகிற கையால் கவனமாக ஊற்றினான், ஒரு சொட்டு சிந்தவில்லை. டிங்கர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சாக்கட, சாக்கட," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

லைன்மேன் டம்ளரைத் தங்கையிடம் நீட்டினான்.

"கொஞ்சம் தண்ணி ஊத்து பாப்பா."

அவள் ஊற்றினாள்.